வாய் திறந்த வளையம்

கைப்பேசித் திரையில் கைவினைக் குழு மெரேயின் பெயரைப் பார்த்ததும் பீற்றருக்கு வேலை மறந்துபோனது.

மங்கரேயில், விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கொட்டகை. சிட்னிக்குப் போகும் கிவிப்பழப் பெட்டிகளுக்கு வலை போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். ஒரு கையால் வலையைப் பிடித்தபடி, மறு கையால் நழுவும் காற்சட்டையை மேலே இழுத்தான். இடுப்பு பெல்ட்டைக் காணவில்லை. சில நாட்களாகத் தேடுகிறான். வீடு முழுக்கக் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. இப்போது கைப்பேசியை எடுக்க மூன்றாவது கை வேண்டும். வலையை விட்டான்.

"பீற்றர், பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா?" மெரேயின் ஆங்கிலம் எப்போதும் சிரித்துக்கொண்டே வரும்.

"இல்லை." கொட்டகைக்கு வெளியே வந்துவிட்டான். தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது. அது போகும்வரை அவள் காத்திருந்தாள். அந்தச் சில நொடிகளில் அவன் மனம் எங்கெல்லாமோ ஓடி வந்தது. ஏழு வருடம். வளையம் வளையமாகக் கோத்த இரும்புச் சட்டை. கடைசியில் இதோ.

"இது இரகசியம். சனிக்கிழமை அரசவையில் கைவினைக் கச்சை கொடுக்கிறோம்."

"சொல்லு." அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"டோறினுக்கு."

டோறின் அவனுடைய மனைவி.

அவன் யோசித்திருக்க வேண்டும். பழைய காலத்து அரசவைபோல் கூடிக் கைவேலை செய்யும் அந்தக் குழுவின் வழக்கம் அவனுக்குத் தெரியாததல்ல. பரிசாக இடுப்பில் கட்டும் கச்சையைப் பெறப்போகிறவரை யாரும் அழைப்பதில்லை. சபை நடுவே பெயர் சொல்லிக் கூப்பிடும்போதுதான் அவருக்கே தெரியவேண்டும். அதனால் வீட்டில் இருப்பவரைத்தான் அழைப்பார்கள்: ஆளைக் கூட்டிக்கொண்டு வா, வாயைத் திறக்காதே. தன் கைப்பேசி அடிக்கிறது என்றாலே அது தனக்கு இல்லை. இந்தச் சின்னக் கணக்குக்கூட ஓடவில்லை. ஆசை அப்படி.

"அவள் சபையில் இல்லாவிட்டால் கொடுக்க முடியாது," என்றாள் மெரே. "அடுத்த அரசவைக்கு ராஜா மாறிவிடுவார். புது ராஜா எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார். அதனால் நீதான் பொறுப்பு. இடுப்பில் கட்டிவிடுவதும் நீதான். இன்னொன்று தெரியுமா? அந்தக் கச்சையையே அவளைக்கொண்டுதான் நெய்விக்கிறேன். யாருக்கு என்று நெய்பவருக்குச் சொல்வதில்லையே. பாவம், தன்னுடையதைத் தானே நெய்துகொண்டிருக்கிறாள்!"

மெரே சிரித்தாள். பீற்றரும் சிரித்தான். சரக்குக் கொட்டகையில் கற்றுக்கொண்ட சிரிப்பு, சுங்க அதிகாரிகளுக்குச் சிரிப்பது.

"கட்டாயம் கூட்டிவருகிறேன்," என்றான்.

ஒடாஹுஹுவில் ஒரு மண்டபம். புதன்கிழமை மாலைகளில் அங்கே எண்ணூறு வருடம் பின்னால் போய்விடுவார்கள். பகலில் குழாய் திருத்துகிறவர் அங்கே ராஜா. வங்கியில் வீட்டு மோட்கேஜ் கடன் பார்க்கிறவர் வில்லும் அம்பும் செய்வார். அந்தக் காலத்துக் கருவிகளால், அந்தக் காலத்து முறையில், கையால் செய்யவேண்டும். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். ஏழு வருடத்துக்கு முன் வேலைத்தள நண்பன் ஒருவன் கூட்டிப்போனபோது, சுவரோரம் தொங்கிய வளையச் சட்டையைப் பீற்றர் தொட்டுப் பார்த்தான். குளிர்ந்த மீன் செதில்போல் விரல்களுக்கு இடையில் வழுகிப் போனது. அன்றே தானும் ஒன்று செய்வதென்று முடிவெடுத்துவிட்டான்.

செய்தும்விட்டான். ரானுயியில் உள்ள அவர்கள் வீட்டுக் கராஜில், கம்பியை இரும்புக் கோலில் சுற்றி, வெட்டி, குறட்டால் நெரித்து, ஒவ்வொரு வளையத்தையும் வேறு நான்கு வளையங்களுக்குள் கோத்துக் கோத்து. சட்டை முழங்கால்வரை வந்தது. ஒரே ஒரு குறை. அந்தக் காலத்து வளையங்களின் முனையைத் தட்டையாக்கி, துளை போட்டு, குட்டி ஆணி அடித்து மூடியிருப்பார்கள். பீற்றர் இரண்டு முனைகளையும் முட்டவைத்ததோடு விட்டுவிட்டான். நாளாக நாளாக அவை வாய் திறக்கும். திறந்த வாய் எதையாவது கவ்வும்: தலைமுடி, கம்பளி, டோறினின் சேலைத் தலைப்பு.

"ஆணி அடித்துச் செய், பீற்றர். உன் கைக்கு அது முடியும்," என்று மெரே முதல் வருடமே சொன்னாள். மூன்றாம் வருடமும் சொன்னாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

"எல்லாத்தையும் கழட்டி முதல்ல இருந்து செய்யட்டாம்," என்று வீட்டில் வந்து கத்தினான். "தூரத்தில நிண்டு பாத்தா ஆருக்குத் தெரியப்போகுது?"

டோறின் அந்த மண்டபத்துக்கு வந்தது சென்ற வருடம்தான். அதுவும் சாப்பாடு கொண்டுவர. பொதுவிருந்துக்கு ஒரு தட்டு ரோல்ஸ் பொரித்து வந்தாள். மெரே ஒன்றைக் கடித்து, கண்ணை மூடி, பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: அந்தக் காலத்து ஐரோப்பாவில் மிளகாயும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் முகம் கறுத்திருக்கும். டோறின் அடுத்த முறை இறைச்சியும் மிளகும் மட்டும் வைத்துப் புதிதாகச் செய்து கொண்டுவந்தாள். "சரியோ எண்டு பாருங்கோ" என்று தட்டை நீட்டினாள். பீற்றருக்கு இன்றைக்கும் அந்தத் தட்டு நினைவில் நிற்கிறது. எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

அதன் பிறகு அட்டை நெசவு. சதுர அட்டை, நாலு மூலையிலும் துளை, துளைக்கு ஒரு நூல். அட்டைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக் கால் சுற்றுத் திருப்பினால் நூல்கள் இடம் மாறி நடுவில் வழி விடும். அந்த வழியால் குறுக்கு நூலை விட்டு இறுக்க வேண்டும். திருப்பு, விடு, இறுக்கு. நாடா ஒன்று வளரும். வீட்டில் பழக அட்டை இல்லையென்று, பீற்றர் முன்னூற்றிநாலு விளையாடும் சீட்டுக்கட்டை எடுத்து டோறின் வெட்டித் துளை போட்டுவிட்டாள். "என்ர கட்டையோ வெட்டினனீர்?" என்று கத்தினான். "நீங்கள் எங்க விளையாடுறியள், தோக்கிறதுதானே," என்றாள் டோறின், துளை போட்ட ஆடுதன் ராணிச் சீட்டைத் திருப்பிக்கொண்டே.

பிழைத்தால் அவிழ்த்துவிடுவாள். ஒரு மாலை முழுவதும் நெய்ததை மறுநாள் மாலை அவிழ்ப்பாள். முகத்தில் ஒரு சலிப்பும் இருக்காது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பீற்றருக்குக் காரணமில்லாமல் கோபம் வரும். சில மாதங்களில் மெரே அவளைத் தனி மேசை போட்டுச் சொல்லிக்கொடுக்க வைத்துவிட்டாள். புதிதாக வந்தவர்கள் அந்த மேசையைத்தான் மொய்த்தார்கள். 'டோறினின் கணவர்' என்று யாரோ அவனை யாருக்கோ அறிமுகப்படுத்தினார்கள். அவனை. ஏழு வருடக்காரனை.

அந்தப் புதன்கிழமையும் மண்டபத்துக்குப் போனார்கள். பீற்றரின் மேசையில் எஞ்சியிருந்த ஒரே மாணவன் ராகேஷ். கோயம்புத்தூர்க்காரன், நகரத்தில் ஐ.டி. வேலை. உட்காராமல் நின்றான்.

"பீற்றர் அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்கு அக்கா டேபிள்ல உக்காந்துக்கட்டுமா?"

"ஏன் தம்பி, கை நோகுதோ?"

"கையெல்லாம் இல்லண்ணா. அங்க ஒரு சாயந்தரம் உக்காந்தா புக்மார்க் அளவுக்காவது ஏதோ கையில வந்துடுது. இங்க ஆறு மாசமாச்சு, ஒரு கைக்குட்டை சைஸ்கூட வரலையே!"

"வளையச் சட்டை எண்டா பொறுமை வேணும்."

"பொறுமை இருக்குண்ணா. ஸ்வெட்டர்தான் இல்ல." முழங்கையைத் தூக்கிக் காட்டினான். கம்பளி நூல் ஒன்று நீளமாகத் தொங்கியது. "உங்க வளையம் இழுத்துடுச்சு. ஒரே ஒரு ஸ்வெட்டர் வச்சிருந்தேன்."

எதிர் மேசையில் இடம் விட்டு எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். டோறின் ராகேஷின் முழங்கையைப் பிடித்து, அந்த நூலை ஊசி முனையால் உள்ளே தள்ளிவிட்டாள். ஏதோ சொன்னாள். மேசையே சிரித்தது.

பீற்றர் வெளியே கார்களுக்கு நடுவே போய் நின்றான். மழை தூறியது. வேலை நேரம் போடுகிற மேலாளருக்கு ஒரு செய்தி தட்டினான்: சனிக்கிழமை ஆள் வேண்டுமா? நான் வருகிறேன்.

அவ்வளவுதான். பொய் சொல்லவில்லை. யாரையும் தடுக்கவில்லை. மழையில் மோட்டர்வேயில் ஓட்ட டோறினுக்குப் பயம். அவன் இல்லாமல் ரானுயியிலிருந்து ஒடாஹுஹுவுக்கு வரமாட்டாள். கேட்டால், வேலை. வேலைக்கு யார் குறை சொல்வார்கள்? கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்து விழுந்தது. காரின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனான்.

மறுநாள் மாலை, அடுப்படியில் மீன் பொரிந்துகொண்டிருந்தது.

"சனிக்கிழமை ஓவர்டைமோ?" டோறின் அகப்பையோடு திரும்பினாள். "அண்டைக்கு அரசவையெல்லே!"

"அதுக்கென்ன. நீர் போம்."

"நீங்கள் இல்லாமல் நான் ஏன் போறன்? ஏலாதெண்டு சொல்லுங்கோப்பா. இந்த முறை கட்டாயம் போகவேணும்."

"ஏன் கட்டாயம்?"

அவள் சட்டென்று அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சும்மாதான்."

சும்மாவா! பீற்றருக்குக் காது மடல் சூடாகியது. இந்த வாரம் முழுவதும் அவளிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்துக்கொண்டுதான் வருகிறான். அவன் உள்ளே வந்தால் அறைக் கதவு சாத்தும். "உள்ள வராதேங்கோ, உடுப்பு மாத்துறன்" என்பாள். தனக்குள் சிரிப்பாள். யாரோ உளறிவிட்டார்கள். அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, தெரியாதவள்போல் அவனைக்கொண்டே காரில் ஏறிப் போய், பெயர் கூப்பிட்டதும் வாயில் கைவைத்து அதிர்ச்சி காட்டப் போகிறாள்.

"ஓம், உமக்கு அங்க ரசிகர் கூட்டம் காத்துக்கொண்டு நிக்கும்," என்றான்.

"உங்களுக்கென்ன, எரியுதோ?"

"எரியிறது நானில்லை. உம்மட மீன்."

அவள் ஐயோவென்று தாச்சியைத் தூக்கினாள். இருவரும் கருகிய மீனைத் தின்றார்கள். அவள் இரண்டு தடவை கேட்டாள், லீவு கேட்டுப் பார்க்க ஏலாதோ என்று. அவன் இரண்டு தடவையும் மோட்கேஜ் வட்டியைப் பற்றிப் பேசினான்.

வெள்ளிக்கிழமை மதியமே வேலை முடிந்துவிட்டது. டோறின் ஹென்டர்சனில், பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருப்பாள். மழையில் தொப்பலாக நனைந்து வந்த பீற்றர் தலை துடைக்கத் துவாய் எடுக்கச் சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரியைத் திறந்தான். உலராத துணிகளை எல்லாம் அதற்குள்தான் அடுக்குவார்கள். துவாய்களுக்குப் பின்னால் ஒரு தலையணை உறை, உள்ளே ஏதோ உருண்டையாக.

கச்சை!

வெளியே எடுத்தான். இளஞ்சூடாக இருந்தது. கருநீலத்தில் சாம்பல் நிறக் கோலம். அவள் நெய்தவற்றிலேயே இவ்வளவு நெருக்கமானதை அவன் பார்த்ததில்லை. பொறாமை முதலில் விரல்களில்தான் வந்தது. நூலைத் தடவிக் குறை தேடின. ஒரு குறையும் இல்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுபோனபோதுதான் அந்தக் கோலம் என்னவென்று தெரிந்தது.

வளையங்கள். ஒவ்வொரு வளையமும் வேறு நான்கு வளையங்களுக்குள்.

இதை அவள் எப்போது பார்த்துப் படித்தாள்? கராஜில் தொங்கும் சட்டை முன்னால் நின்றிருக்க வேண்டும், அவன் இல்லாத பொழுதுகளில். அவன் அடிக்காமல் விட்ட ஆணிகளைக்கூட ஒவ்வொரு வளையத்திலும் ஒரு வெள்ளைப் புள்ளியாக வைத்திருந்தாள். தன்னுடைய கச்சைக்கு யாராவது அடுத்தவன் வேலையைக் கோலமாகப் போடுவார்களா?

தலையணை உறைக்குள் இன்னும் ஏதோ கிடந்தது. கையை விட்டான். அவனுடைய பெல்ட்.

அளவுக்கு எடுத்திருக்கிறாள்.

கச்சையைத் தன் இடுப்பில் சுற்றிப் பார்த்தான். பீற்றரின் வயிற்றுக்குச் சரியாக வந்தது, முடிச்சுப் போடவும் தொங்கவிடவும் மிச்சம் வைத்து. அடுப்படியில் திரும்பிக்கொண்ட முகம், சாத்திய கதவு, தனக்குள் சிரித்த சிரிப்பு எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. அவளுக்கு எதுவும் தெரியாது. நன்றாக நெய் என்று மெரே சொன்னதை வைத்துக்கொண்டு, இது அவனுக்குத்தான் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். வேறு யாருக்கு இருக்கும், ஏழு வருடமாச்சே என்று நினைத்திருப்பாள்.

துவாயைத் தோளில் போட்டபடி அந்த அலுமாரி முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நாளைக்கு வேலைக்குப் போனால் என்ன நடக்கும்? எதுவும் நடக்காது. அவளுக்குக் கச்சை இல்லை, ராஜா மாறுவார். அவனும் ஆசைப்பட்டது அதுதானே. ஆனால் மாலையில் வீட்டுக்கு வரும்போது அவள் கண் கலங்கி நிற்பாள். 'பரவாயில்லையப்பா, உங்களுக்கு வரவேண்டியது எங்கயும் போகாது' என்பாள். தேத்தண்ணி தருவாள். அவனுக்கு இல்லாத ஒன்றை அவன் இழந்துவிட்டதாக எண்ணி, மாதக்கணக்கில் அவன்மேல் இரக்கப்படுவாள். அந்த இரக்கத்தை நினைத்ததும் அவனுக்கு உடம்பு கூசியது. அவள் வெல்வதைக்கூடப் பார்த்துவிடலாம். இதைத் தாங்க முடியாது.

மேலாளரை அழைத்தான். நாளைக்கு வர முடியாது, வீட்டு விஷயம் என்றான். அது நல்ல மனத்தால் செய்த வேலையல்ல. அவனுக்கே அது தெரிந்திருந்தது.

சொல்லிவிடலாமா என்று அன்று மாலை ஒருமுறை வாயெடுத்தான். "நாளைக்கு வாறன்," என்பது மட்டும் வந்தது. அவள் ஓடிவந்து அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். அந்த முகம் மாறுவதைத் தனியாக, அடுப்படியில் நின்று பார்க்க அவனுக்குத் துணிவில்லை. மண்டபத்தில் என்றால் நாலு பேர் இருப்பார்கள்.

சனிக்கிழமை மண்டபத்துச் சுவர்கள் முழுக்கக் கொடிகள். மின்விளக்குகளை அணைத்து மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். குழாய் திருத்துகிற ராஜா மரச் சிம்மாசனத்தில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். பீற்றர் வளையச் சட்டையை மாட்டியிருந்தான். டோறின் தானே தைத்த நீண்ட சணல் அங்கி. அவளுடைய கண் அவன்மேலேயே இருந்தது.

"நேர நில்லுங்கோப்பா. தலை சீவி இழுத்தனீங்களோ? சும்மா சிரிச்சமாதிரி வையுங்கோ முகத்தை."

"ஏன், கலியாணமோ?"

"கதையாதேங்கோ. அங்க பாருங்கோ."

மெரே நடுவே வந்தாள். கையில் மடித்த கச்சை. இந்த வருடத்தின் கைவினைக் கச்சை, என்று தொடங்கினாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடிய ஒருவருக்கு. பிழைத்ததை அவிழ்க்கக் கூடிய ஒருவருக்கு. பீற்றரின் விலாவில் டோறினின் முழங்கை இடித்தது. இரும்பில் இடித்த வலி அவளுக்குத்தான் இருந்திருக்கும்; அவள் உணரவில்லை.

"எழும்புங்கோ," என்றாள் காதுக்குள். "எழும்புங்கோ, உங்களைத்தான்."

"டோறின்!" என்றாள் மெரே.

மண்டபம் கைதட்டியது. டோறினும் தட்டினாள், பீற்றரைப் பார்த்துக்கொண்டு, மற்ற எல்லோரையும்விடப் பலமாக. ராகேஷ் பின்னாலிருந்து, "அக்கா! உங்களத்தான்க்கா!" என்று கூவினான். அவளுடைய கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன.

"பிழையாக் கூப்பிட்டிட்டினம்," என்றாள் மெதுவாக. "மெரேயிட்டச் சொல்லுங்கோப்பா. மாறிப் போச்சு."

"இல்லை. உமக்குத்தான்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"திங்கக்கிழமை எனக்குத்தான் போன் அடிச்சுச் சொன்னவை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. டோறின் கணக்குப் போடுவதை அவன் முகத்துக்கு நேரே பார்த்தான். திங்கள். புதன். ஓவர்டைம். மோட்கேஜ் வட்டி. நெய்யும்போது ஒரு பிழை எந்த வரியில் விழுந்தது என்று நூலைப் பின்னோக்கித் தேடுவாளே, அதே பார்வை. கண்டுபிடித்துவிட்டாள்.

"திங்கக்கிழமையே தெரிஞ்சுகொண்டோ ஓவர்டைம் எடுத்தனீங்கள்?" என்றாள்.

அவன் குனிந்து சட்டையின் விளிம்பை இழுத்துவிட்டான்.

"டோறின்!" மெரே மறுபடி அழைத்தாள், சிரித்தபடி. கூச்சம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். டோறின் நடந்தாள். முதுகு நேராக இருந்தது. ராஜாவின் முன்னால் மண்டியிட்டாள். மெரே கச்சையைப் பீற்றரின் கைகளில் வைத்தாள்.

அவன் பின்னால் குனிந்தான். இரும்பு முழுவதும் தோளிலிருந்து முன்னால் சரிந்து கீழே இழுத்தது. கச்சையை அவளுடைய இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தான். நீளம் மிஞ்சியது. இன்னொரு சுற்று. அப்போதும் மிஞ்சியது. யாரோ செல்லமாகச் சிரித்தார்கள். எவ்வளவு நீளம் பார் என்றார்கள். யாருடைய வயிற்றுக்கு அளந்தது என்று அந்த மண்டபத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். முடிச்சைப் போட்டான். கையை எடுத்தான்.

கை வரவில்லை.

மணிக்கட்டில் ஒரு வளையம் வாய் திறந்திருந்தது. கச்சையின் ஓரத்திலிருந்து ஒரு சாம்பல் நூலைக் கவ்விக்கொண்டிருந்தது. இழுத்தால் நூல் வரும். நூல் வந்தால் கோலம் முழுவதும் அந்த வரியில் சுருங்கும். ஒரே ஒரு இழுப்பு. தவறுதலாக நடந்ததென்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அந்த எண்ணம் வந்ததையும், அது தன்னுடையதுதான் என்பதையும் பீற்றர் அறிந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை அசைக்காமல் வைத்திருந்தான்.

"கொஞ்சம் பொறும்," என்றான். "மாட்டிப் போச்சு."

அவள் திரும்பவில்லை. கழுத்தின் பின்புறம் மட்டும் தெரிந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு நரம்பு துடித்தது.

இடுப்புப் பையில் குறடு இருந்தது. எட்டாத பக்கம். இடது கை விரல் நுனியால் அந்த வளையத்தின் வாயை விரிக்கப் பார்த்தான். ஏழு வருடமாகத் தானாகத் திறந்துகொண்டே இருந்த வளையம், இப்போது அசையவில்லை.

"எழுந்திரு, டோறின்!" என்றார் ராஜா, மண்டபம் அதிர.

டோறின் தரையில் ஒரு கையை ஊன்றினாள். எழத் தொடங்கினாள். அவளுக்கும் அவனுக்கும் நடுவே அந்த ஒற்றை நூல் மெல்ல மெல்ல நேராகி, இறுகியது.